நாலாவது வரிக்கு விட்ட இடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு கடிதம் வரும். எனக்கு ஒன்றும் இல்லை. இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் நெஞ்சில் குடியிருக்கிறது.

ஒரு செய்தி. மறுபடியும் பாடத் தொடங்கிவிட்டேன். சிரிக்காதே. கூடப் பாடிய அத்தான் போனதும் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன், தலை முழுக்க நரைத்தபிறகு ஓர் ஆல்பம் செய்கிறேன். பழைய ரசிகர் ஒருவர் இப்போது பல் மருத்துவராக இருக்கிறார். அவருடைய கிளினிக்குக்குக் கீழே ஓர் ஒலிப்பதிவு அறை. அவர்தான் பேசி ஏற்பாடு செய்து கொடுத்தார். மேலே பல் பிடுங்கும்போது கீழே பதிவை நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான் தொந்தரவு.

ஒலிப்பதிவு செய்கிற பெண் காதிலிருந்து எதையும் கழற்றுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆகவே எல்லோருக்கும் அவள் ‘ஹெட்போன்’. என் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, “உங்க பாட்டுல யாரோ நடந்து போற மாதிரியே இருக்கு சார்” என்றாள். பாராட்டா, குறையா என்று கேட்கவில்லை.

அந்தப் பாட்டைக் கேசட்டில் அனுப்பியிருக்கிறேன். எப்போதும் போல நீ கேட்டு, உறையில் அச்சடிப்பதற்கு வரிகளை எழுதி அனுப்பு. என் கையெழுத்தை அச்சகத்துக்காரர்கள் இன்றும் மருந்துச் சீட்டு என்றுதான் சொல்கிறார்கள். ஃபோனில் பேசலாம் என்றால், நான் கோமாளித்தனம் செய்கிறேன் என்று நீ வைத்துவிடுகிறாய்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் மாடிப்படியில் மட்டும் என்னுடையதாக இருப்பதில்லை. மற்றபடி நலம். இருமலுக்கு மருத்துவரைப் பார். பல் மருத்துவரை அல்ல.

நீ பாடுவதில் எனக்கு மகிழ்ச்சி. இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறும். வரிகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முதல் கண்ணியில் ஒரு சொல்லை ஒரே வரியில் இரண்டு முறை போட்டிருக்கிறாய். வேண்டுமென்றே செய்தாய் என்றால் இருக்கட்டும்.

மழை நின்ற பிறகும் குடை மடக்காமல் நடந்தேன்,
தெரிந்தவர் யாரும் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை,
வீட்டு எண் மட்டும் நினைவில் இருந்தது,
கதவைத்தான் யாரோ கழற்றிப் போயிருந்தார்கள்.

நாலாவது வரி உன்னுடைய மூன்றையும்விட நன்றாக இருக்கிறது. அதைப் பாடியவர் யார்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புதிதாக ஓர் ஆளைப் பிடித்திருக்கிறாய். குரலில் உன் அத்தானின் சாயல் தெரிகிறது. அதை யாரும் பழகிக்கொள்ளலாம். பாடுவதற்கு முன் தொண்டையைச் செருமுவதையுமா பழகிக்கொள்ள வேண்டும்? இறந்தவரைப் போலவே பாடிக்காட்டுவது மரியாதை அல்ல. நான் சொன்னதாகவே அந்த ஆளிடம் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இருமலைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் யாரையும் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டில் நாலாவது வரியே கிடையாது.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நான் மூன்று வரி எழுதுவேன், நாலாவதை எழுதவே மாட்டேன். மைக்குக்கு முன்னால் நிற்கும்போது மனத்தில் என்ன வருகிறதோ அதை அத்தான் பாடுவார். அதை மாற்றக்கூடாது, அது என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கவும் வேண்டும் என்று எங்கள் இருவருக்குள் ஒரு விளையாட்டு. ஒருமுறை ‘தாடியை எடு, குழந்தைகள் பயப்படுகின்றன’ என்று பாடிவிட்டார். அன்றைக்கே எடுத்தேன். அவர் மட்டும் என்ன, ‘இனி புகைபிடிப்பதில்லை’ என்று தன் வாயாலேயே பாடி மாட்டிக்கொண்டார்.

அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் மூன்று வரி பாடி, ஒரு வரிக்கு இடம் விட்டேன். “இங்க என்ன சார் வரும்?” என்று ஹெட்போன் கேட்டாள். “ஒண்ணும் வராதும்மா, அது ஒருத்தரோட இடம்” என்றேன்.

உன் கடிதம் வந்ததும் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். நாடா ஓடுகிற இரைச்சல் மட்டும்தான். அக்கா, அந்த வரியை நீயே எழுதிவிட்டுக் கதை விடுகிறாயா? ஒத்துக்கொண்டால் உறையில் உன் பெயரையும் போடுகிறேன். இரண்டாவது பாட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

குழப்பத்தில் இருக்கும்,
தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. காரணம் கேட்காதே.

நான் கவிதை எழுதுகிறவள் அல்ல. கான்வென்ட்டில் என் கட்டுரையின் கீழே சிஸ்டர் எழுதிய குறிப்பு, ‘பிழை இல்லை, கற்பனையும் இல்லை’ என்பது. நான் அதை இன்றுவரை பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். காதில் விழுவதை எழுதுவேன். விழாததை எழுதமாட்டேன்.

பக்கத்து வீட்டு நர்ஸை அழைத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். நாலாவது வரி வரும் இடத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஒரு தடவ காதை டெஸ்ட் பண்ணிக்கலாமேம்மா” என்றாள். பண்ணிக்கொண்டேன். என் வயதுக்கு இப்படிப்பட்ட காதைப் பார்த்ததில்லை என்று அந்த மருத்துவர் சொன்னார். நர்ஸிடம் அறிக்கையைக் காட்டிவிட்டேன்.

இரண்டாவது பாட்டில் நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன். நீ மூன்றாவது வரியை முடிக்கிறாய். ஒரு நாற்காலி பின்னால் நகர்கிறது. ஒருவர் எழுந்து நிற்கிறார். செருமுகிறார். பிறகு பாடுகிறார்.

ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது,
ஆட்கள் எல்லோரும் கலைந்து போனார்கள்,
விளக்கை அணைக்க யாரும் இல்லை,
இருட்டே வந்து அணைத்துவிட்டுப் போனது.

இதைப் போல ஒரு வரி எனக்கு வரும் என்றால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். அடுத்த கேசட்டைச் சீக்கிரம் அனுப்பு. ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் நாடா தேய்ந்துவிடும் என்கிறார்கள்.

உன் அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காது நீடூழி வாழ்க. முழங்காலும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

இனி உன்னைச் சந்தேகிக்கமாட்டேன். இரண்டு காரணங்கள் உண்டு. நான் விட்ட இடம் ஓடும்போது ஹெட்போன் தன் மேசையில் சத்த அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காதுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் முள் எழுந்து ஆடுகிறது. நாலாவது வரி முடிய வேண்டிய இடத்தில் படுத்துவிடுகிறது. அவள் ஒரு நாள் முழுக்க ஒயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். ஒயரில் குறை ஒன்றும் இல்லை.

இன்னொன்று மைக். பழைய பழக்கத்தில் எனக்குப் பக்கத்தில் இரண்டாவது மைக் ஒன்றை நிறுத்தச் சொன்னேன், இணைப்புக் கொடுக்காமல். பின்னால் ஒரு நாற்காலி. நானோ குட்டை. ஸ்டாண்டை என் உயரத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் மைக் என் நெற்றிக்கு மேலே நிற்கிறது. அத்தான் வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் உன் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை, ஞாபகமிருக்கிறதா?

பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால், பழைய தைரியம் வந்திருக்கிறது. நீ எழுதி அனுப்பிய வரிகளை அந்த இடத்தில் நானே பாடிச் சேர்த்துவிட்டேன். என்னுடைய மூன்று வரிகளும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

மூன்றாவது பாட்டு இதோ.

உற்சாகமாக,
தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். மதியம் தூங்குவதை விட்டுவிட்டேன், கேசட் கேட்கிறேன்.

ரயில் போன தடத்தில் காதை வைத்தேன்,
இரும்பு இன்னும் சூடாக இருந்தது,
எந்த ஊருக்கு என்று கேட்டேன்,
இடம் இருக்கிறது, வந்து உட்கார்.

முதல் இரண்டு பாட்டிலும் பாட்டுக்குத்தான் அவர் பதில் சொன்னார். இது ஆளைப் பார்த்துச் சொல்வது. அந்த வித்தியாசம் உனக்குப் படுகிறதா என்று தெரியவில்லை. கேட்டதும் எழுந்து போய் முகம் கழுவி, இஸ்திரி போட்ட புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அன்று யாரும் வருவதாக இல்லை.

அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. கனவில்கூட வந்ததில்லை. அதை நான் குறையாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

இன்னும் பாட்டு இருந்தால் அனுப்பு.

உன் அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இப்போது இல்லை. எதுவும் இல்லை. பசிகூட இல்லை; லேசாக இருக்கிறது.

வந்து உட்கார் என்றார், போய் உட்கார்ந்தேன். இரண்டாவது மைக்குக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்காலியில்தான். யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போலச் சூடாக இருந்தது. பதிவு முடிந்தபிறகும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது? பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். சுவரில் பழைய போஸ்டர்கள் இருக்கின்றன. இங்கே என்றால் பேச்சுத்துணை இருக்கிறது.

கடைசிப் பாட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஆல்பத்துக்கே இதன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன். நாலாவது வரி என்ன சொல்கிறதோ அதை இந்தத் தடவையும் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே மாற்றாமல் எழுது. இதை உன்னிடம் போய்ச் சொல்கிறேன் பார். ஓர் எழுத்தைக்கூட நீ மாற்றமாட்டாய்.

காத்திருக்கிறோம்.

தம்பி

ஜூலை 14

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை நீங்கள் பார்த்ததில்லை. சார் என்னை ஹெட்போன் என்று எழுதியிருப்பார்.

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சார் இந்த அறையை விட்டு வெளியே போவதே இல்லை. டீ வாங்கி வைத்தால் ஆறி ஆடை கட்டிவிடுகிறது. சட்டை தோளில் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார், சிரிக்கிறார். நான் இங்கிருந்து அவர் மைக்கைத் திறந்தால் நிறுத்திவிடுகிறார். ஆனால் இரண்டாவது மைக்கின் முள் நிற்பதில்லை, அம்மா. அந்த மைக்குக்கு இப்போதும் ஒயர் கிடையாது.

நேற்று கிதாரை உறையில் போட்டுக் கட்டிவைத்திருந்தார். “எங்க சார் கிளம்பிட்டீங்க?” என்றேன். “அக்கா லெட்டர் வரட்டும், அதுல இருக்கும்” என்றார்.

டாக்டர் மேலிருந்து வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் பல்லு பாக்கறவன்தான். ஆனா இது இருக்க வேண்டிய நாடி இல்ல. அவர தனியா விடாதே” என்றார்.

கடைசிப் பாட்டு உங்களிடம் இருக்கிறது. அதில் என்ன கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. நல்ல வரியாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹெட்போன்

ஜூலை 18

அன்புள்ள பெண்ணுக்கு,

உன்னை அப்படி ஒரு பெயர் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் எழுதியது சரியான செயல்.

கேசட் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நான் கேட்டுவிட்டேன். எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். என் தம்பி பாடிய மூன்று வரிகள் இவை: மேடை விளக்கெல்லாம் கழற்றியாகிவிட்டது, கேட்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள், கையில் இன்னும் ஒரு பாட்டு மீதி இருக்கிறது. அதற்கு என் கணவர் பாடிய வரி: ‘கிதாரை எடுத்துக்கொண்டு வா, இங்கே பாடலாம்.’

இதற்கு முந்தைய பாட்டில் வந்து உட்கார் என்று அழைத்தபோது, அந்த அழைப்பு எனக்கு என்று நினைத்துவிட்டேன். நான் தயாராகவும் இருந்தேன். இந்த வரி வந்தபிறகு அப்படி நினைக்க வழியில்லை. எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இருவரும் எங்காவது பாடிக்கொண்டிருப்பார்கள். அப்போது விட்டுக்கொடுத்தேன். இப்போது தம்பியை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆகவே இன்று வேறு ஒரு வரியை எழுதி அவனுக்கு அனுப்புகிறேன். அது என்னுடைய வரி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதில் விழாத ஒன்றை எழுதியிருக்கிறேன். நல்ல வரி அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகூட இதைவிட நன்றாக எழுதும். அவன் எதிரில் உன் முகம் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள். அதை அவன் பாடி முடித்ததும் அந்த இரண்டாவது மைக்கையும் நாற்காலியையும் வெளியே எடுத்துப் போட்டுவிடு.

நம்பிக்கையுடன்,
உங்கள் சாரின் அக்கா

ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முதலில் எதையாவது சாப்பிடு.

மேடை விளக்கெல்லாம் கழற்றியாகிவிட்டது,
கேட்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள்,
கையில் இன்னும் ஒரு பாட்டு மீதி இருக்கிறது,
நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போ.

கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. இருமல் திரும்பி வந்தது, பசியும் அதோடு சேர்ந்து வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தில் இருமல் மட்டும் போய்விட்டது.

ஆல்பம் வெளிவந்துவிட்டது. பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். இந்த வயதில் இப்படி ஒரு தொகுப்பா என்று கேட்கிறார்கள். வயதைச் சொல்லாமல் பாராட்டத் தெரியவில்லை. ஆனால் எல்லோருமே ஒன்றைச் சொல்கிறார்கள்: ஆல்பம் முழுக்க ஏறிக்கொண்டே போய்க் கடைசி வரியில் தொப்பென்று விழுந்துவிட்டதாம். ‘அம்மா அதட்டுவதைப் போல இருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அது அத்தான் வரி மாதிரியே இல்லை, அக்கா. கடைசியில் களைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆனாலும் சொன்னால் சொன்னதுதானே. பாடி முடித்ததும் ஹெட்போனிடம், “சரிம்மா, நான் கெளம்பறேன்” என்றேன். அந்தப் பெண் ஏனோ அழுதாள். கிதாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

முழு ஆல்பமும் இந்தக் கேசட்டில் இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் நாடா கொஞ்சம் ஓடும், வெட்ட மறந்துவிட்டோம். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
தம்பி

அக்டோபர் 27

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குப் பசிக்கிறது என்று படித்தது எனக்குப் போதும். பத்திரிகைக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

கேசட்டைக் கேட்டேன். பாட்டு முடிந்து நாடா வெறுமனே ஓடுகிறதே, அந்த இடத்தில் நாற்காலி நகர்ந்தது. செருமல் இல்லை, பாட்டும் இல்லை. காலடிச் சத்தம். ஒரு கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு எந்தக் கேசட்டிலும் அவர் இல்லை. பழையவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று வரிகளோடு நின்றுவிடுகின்றன. நாலாவது வரி சொன்னால் கேட்பது உனக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை, அவருக்கும் உண்டு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் நீ வர வேண்டாம். நான் எழுதும்போது வந்தால் போதும். கோபம் ஒன்றும் இல்லை.

சென்ற வாரம் ஒரு மதியம் தெருக்கதவைத் தட்டினார்கள். திறந்தேன், யாரும் இல்லை. மறுநாள் கூடத்துக் கதவு. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் அறையின் கதவைத் தட்டுகிறது. பொறுமையாக, விட்டு விட்டு. எதிரே ஜன்னலில் நல்ல வெயில். பக்கத்து வீட்டு நர்ஸ் துணி உலர்த்துகிறாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது. ஆனால் உனக்கே தெரியும், உன் அத்தான் தன் வீட்டில் ஒரு நாளும் எந்தக் கதவையும் தட்டிவிட்டு நுழைந்தவர் இல்லை. அதைத்தான் இவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புடவையை மாற்றிக்கொண்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் போய்த் திறப்பேன். வீட்டுக்குப் போ என்று எழுதி அனுப்பியவள் நான். யார் வந்திருந்தாலும், நீ எதற்கு வந்தாய் என்று கேட்க முடியாது.

உன் அக்கா